ஒரு பக்கம் மட்டும் வெட்டிய முடி

வீட்டைவிட்டு வெளியே வர முடியாதவர்களின் வீடு தேடிப் போய் முடி வெட்டுவதுதான் ஏனக்காவின் வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று கேட்பதால் யாரோ ஒரு வாண்டு அப்படிக் கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. கதவு மணியை அடித்துவிட்டு அவளே "ஏனக்கா வந்திருக்கேன்" என்றுதான் குரல் கொடுப்பாள்.

என் அம்மா கால் எலும்பு முறிந்து படுத்திருந்தபோது அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தோளில் ஒரு பை, கக்கத்தில் துண்டு சுற்றிய மடக்குக் கண்ணாடி. வந்ததும் கண்ணாடியைத்தான் முதலில் விரித்து வைப்பாள். பிறகு ஆளை உட்கார வைத்து, பின்னால் நின்றுகொண்டு, கண்ணாடியில் தெரிகிற முகத்தோடு பேசுவாள்.

"நேரா மூஞ்சியப் பாத்துக் கேட்டா எல்லாரும் நல்லாருக்கேன்னுதான் சொல்வாங்க. கண்ணாடிக்குள்ள இருக்கிற ஆளைக் கேட்டுப் பாருங்க" என்பாள்.

இது எந்த அளவுக்கு உண்மை என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் அம்மா, வலி மாத்திரைகளில் பாதியைப் பூந்தொட்டியில் புதைத்துவருவதை என்னிடம் சொல்லவில்லை, கண்ணாடியைப் பார்த்து அவளிடம் சொன்னார். செடி நன்றாகத்தான் வளர்ந்தது.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. முடி வெட்டுகிறவர்கள் பொதுவாகக் கைகளையும் சேர்த்துத் துணியால் போர்த்துவார்கள். அவள் இரண்டு கைகளையும் வெளியே எடுத்து மடிமேல் வைத்துவிட்டுத்தான் கத்திரியைத் தொடுவாள். தொழிலுக்கு வந்த புதிதில், பேச்சு வராத ஒரு பெரியவரின் காது மடலைச் சீப்போடு சேர்த்து அழுத்திப் பிடித்துவிட்டாளாம். அவர் துணிக்குள் கையை ஆட்டி ஆட்டிப் பார்த்திருக்கிறார்.

"நான் அவருக்குக் குளிருதுன்னு நெனச்சு ஃபேனை வேற நிறுத்திட்டேன்" என்று சொல்லும்போது இப்போதும் அவள் முகம் சுருங்கும்.

இப்படி வீடு வீடாகப் போகிறவர்களுக்கென்று நலத்துறை ஒருமுறை வகுப்பு நடத்தியது. சிலிண்டர் போடுகிறவர், உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வருகிறவர், துணி தேய்த்துக் கொண்டுவந்து கொடுக்கிறவர், கூடவே இவள். உடம்புக்கு முடியாதவர்களை யாராவது அடிப்பதோ அடைத்து வைப்பதோ பட்டினி போடுவதோ தெரிந்தால் உடனே சொல்லுங்கள் என்றார் அதிகாரி. நரைத்த முடியைக் கழுத்தோடு வெட்டியிருந்த பெண்மணி. ஏனக்கா எழுந்தாள்.

"சொல்லாதேன்னு அவங்களே சொன்னா?"

"நல்ல கேள்வி" என்றார் அதிகாரி.

"நல்ல கேள்வின்னு சொன்னாலே பதில் இல்லன்னுதானே?" என்று பக்கத்திலிருந்த சிலிண்டர்காரரிடம் இவள் முணுமுணுத்தது மேடை வரை கேட்டுவிட்டது. இடைவேளையில் அதிகாரி டீ கிளாசோடு இவளிடமே வந்தார்.

"ஒரே பதில் இல்லம்மா, அதான். ஆபத்துன்னா சொல்லித்தான் ஆகணும். ஆனா அவங்களுக்குத் தெரியாம பண்ணாதீங்க. அவங்ககிட்ட சொல்லிட்டு அப்புறம் எங்ககிட்ட சொல்லுங்க. அவங்க என்ன வேணும்னு சொல்றாங்களோ, அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

அந்த வருடமே டிரைவரம்மாவின் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள்.

டிரைவரம்மாவுக்கு ஐம்பத்து நாலு வயது. பள்ளிப் பேருந்து ஓட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனியாக, தன் இஷ்டப்படி வாழ்ந்தவர். ஒருநாள் காலை மூளையில் ரத்தம் கட்டி விழுந்தார். வலது கை போயிற்று. வலது கால் இழுத்து இழுத்து வந்தது. பேச்சில் ஒரே ஒரு சொல் மிஞ்சியது: "ஆமா." தம்பி தன் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். அவருக்குக் கிடங்கில் நாள் முழுக்க வேலை. அவர் மனைவிக்கு மதியத்துக்கு மேல் மருந்துக்கடையில் வேலை.

அந்த வீடு கடைகளுக்கு மேலே இரண்டாம் மாடியில் இருந்தது. கூடத்தில் டிவிக்கு நேரே மரக் கை வைத்த நாற்காலி. அதில் இடுப்பு வரை கூந்தலோடு டிரைவரம்மா உட்கார்ந்திருந்தார்.

"ஒட்ட வெட்டிடுங்க" என்றாள் தம்பி மனைவி. "இதைத் தேச்சுக் குளிப்பாட்டித் துவட்டறதுக்குள்ள என் தோள்பட்டை கழண்டுபோகுது."

"அவங்களைக் கேட்டீங்களா?"

"கேக்காமயா? அண்ணி, முடிய வெட்டிடலாமா?"

"ஆமா."

"பாத்தீங்கள்ல? தங்கமானவங்க. எதுக்கும் மறுப்பே கிடையாது."

ஏனக்காவும் தன் பங்குக்கு ஒருமுறை கேட்டாள். அதே "ஆமா"தான். வலது காதுக்குக் கீழே ஒரு கொத்தைப் பிடித்து வெட்டினாள். வெட்டிய முடியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தபோது கண்ணாடியில் டிரைவரம்மாவின் கண்களைப் பார்த்தாள்.

அழுகை இல்லை. ஓடும் பேருந்தில் எழுந்து நிற்கிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை அது. கத்திரி அந்தரத்தில் நின்றது.

"அக்கா, வெட்ட வேண்டாமா?"

"ஆமா."

"அப்ப வெட்டணுமா?"

"ஆமா."

"நான் ஒரு கழுதையா?"

"ஆமா." இந்த முறை வாயின் இடது ஓரம் மட்டும் மெல்ல மேலே ஏறியது.

ஏனக்கா கத்திரியைப் பைக்குள் போட்டாள். டீயோடு வந்த தம்பி மனைவி திகைத்து நின்றாள்.

"என்னங்க, ஒரு பக்கம் மட்டும் வெட்டி வெச்சிருக்கீங்க?"

"மிச்சத்தை அடுத்த தடவை வெட்டறேன்."

"முடி வெட்டறதுல தவணை முறையெல்லாம் வந்திருச்சா?"

ஏனக்கா டீயைக் குடித்துவிட்டு வந்தாள். வாரம் முழுக்க இதே யோசனை. ஒரு சொல்தான் வாயில் இருக்கிறது என்றால், அந்த ஆள் மறுப்பு சொல்வது எப்படி? மறுக்கவே முடியாதவரின் சம்மதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மற்ற வீடுகளிலும் அவள் கை வேலை செய்தது, மனம் அந்த நாற்காலியிலேயே இருந்தது. என் அம்மாவின் காதோர முடியை அந்த வாரம் கொஞ்சம் அதிகமாகவே எடுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் யாரும் கூப்பிடாமலே போனாள். போவதற்குச் சாக்காக ஒரு பக்கம் மட்டும் வெட்டிய முடி இருந்தது. கண்ணாடியை விரித்து, கைகளை வெளியே எடுத்து வைத்து, பதில் தெரிந்த கேள்விகளாகக் கேட்க ஆரம்பித்தாள்.

"நான் பொம்பளையா?"

"ஆமா." கண் திறந்திருந்தது. இடது ஆள்காட்டி விரல் நாற்காலிக் கையை இரண்டு தட்டு தட்டியது.

"நான் ஆம்பளையா?"

"ஆமா." ஆனால் கண்கள் மூடிக்கொண்டன.

"மழை பெய்யுதா?" வெளியே சுள்ளென்று வெயில். "ஆமா." மூடிய கண்.

வாய் எதைக் கேட்டாலும் ஆமா போடுகிறது. கண்ணும் விரலும் மட்டும் வேறு பதில் வைத்திருக்கின்றன. ஏனக்காவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. சீப்பைத் தோளருகே பிடித்து "முடி இந்த அளவா?" என்றாள். மூடிய கண். கழுத்தருகே. மூடிய கண். இடுப்பருகே பிடித்ததும் விரல் தட்டியது.

தம்பி மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவங்களுக்கு அடிக்கடி கண் சொருகும்" என்றாள். பிறகு, எதையோ நினைத்துச் சிரித்தாள். "பஸ்ஸு ஓட்டுறப்பவும் கண்ணாலதான் பேசுவாங்களாம். நாப்பது பிள்ளைங்க. அண்ணி வாயே திறக்க மாட்டாங்களாம். மேல இருக்கிற கண்ணாடியில ஒரு பார்வை, அவ்ளோதான். மொத்த வண்டியும் கப்சிப்."

மூன்றாவது முறை போனபோதுதான் ஏனக்கா அந்தக் கையைப் பார்த்தாள்.

துணியைப் போர்த்தி, இடது கையை வெளியே எடுத்து நாற்காலிக் கைமேல் வைத்தாள். சட்டைக் கை மேலே ஏறியது. மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்டதுபோல் ஒரு சிவந்த தடம். எலும்பு துருத்துகிற இடத்தில் தோல் வழன்றிருந்தது. நாற்காலியின் இடது கையிலும் அதே அகலத்துக்கு வார்னிஷ் தேய்ந்திருந்தது. ஏனக்கா முடியைச் சிக்கெடுத்தாள். அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் வந்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

"கையைக் கட்டி வைக்கிறாங்களா?"

இரண்டு தட்டு.

"உங்களுக்கு அதுல சம்மதமா?"

வாய் "ஆமா" என்றது. கண்கள் மூடின.

"யார்கிட்டயாவது சொல்லட்டுமா?"

கண்கள் திறக்கவே இல்லை. இமைகள் சுருங்கும் அளவுக்கு இறுக்கி மூடினார். ஏனக்கா பல் தேய்ந்த சீப்பால் ஒரே இடத்தை வாரிக்கொண்டே இருந்தாள். கண்கள் மெதுவாகத் திறந்தன.

"தம்பி பொண்டாட்டிய நெனச்சு பயமா?" மூடிய கண்.

"உங்களை இங்கேருந்து எங்கயாவது கொண்டுபோய் விட்டுருவாங்கன்னு பயமா?"

விரல் இரண்டோடு நிற்கவில்லை. நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

அவருக்கு இந்த வீட்டில் இருக்க வேண்டும். கட்டு மட்டும் வேண்டாம். ஆனால் கட்டைப் பற்றி வெளியே சொன்னால் வீடே போய்விடும் என்று நினைக்கிறார். மூடிய வாயோடு அவர் போட்டுவந்த கணக்கு அதுதான். உடம்புக்கு முடியாதவர்களைப் பராமரிக்கும் இல்லங்களிலும் முடி வெட்டப் போயிருக்கிறவள் ஏனக்கா. நல்ல இல்லங்களும் உண்டு. ஆனால் நல்லதோ கெட்டதோ, போகமாட்டேன் என்கிறவருக்கு அது வேறு நாற்காலி, வேறு கட்டு.

"அக்கா, தெரிஞ்சும் தெரியாத மாதிரி என்னால இருக்க முடியாது" என்றாள் கண்ணாடியிடம். "நான் சொல்லப்போறேன். உங்களுக்குத் தெரியாம சொல்லல, உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் சொல்றேன். நீங்க இங்கயேதான் இருக்கணும்னு நெனக்கிறதையும் சேர்த்தே சொல்றேன்."

கண்கள் மீண்டும் மூடின. அவள் துணியை உதறி, கண்ணாடியை மடித்து, பையைத் தூக்கும் வரை திறக்கவில்லை.

மாடிப்படியில் இறங்கும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டதாக ஏனக்கா சொன்னாள். அந்த அம்மாவிடம் மூடிய கண் என்ற ஒரே ஒரு மறுப்பு இருந்தது. அதைக் கண்டுபிடித்த பெருமையோடு குதித்தவள், இப்போது முதல் வேலையாக அதையே மீறப்போகிறாள். வீட்டில் தீப்பிடித்தால் கட்டிய கையோடு என்ன செய்வார் என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்குப் பிறகு உட்கார முடியவில்லை. அதிகாரிக்குப் போன் செய்தாள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, "அவங்களுக்கு வீட்டை விட்டுப் போக வேண்டாம். இதை முதல்ல எழுதிக்கோங்க மேடம். அப்புறம் மத்தது" என்றாள்.

"மதியம் வர்றேன். அந்தக் கண்ணாடியோட நீங்களும் வாங்க" என்றார் அதிகாரி.

தம்பி மனைவி வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது இருவரும் போய் நின்றார்கள். அதிகாரி வந்த விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். அவள் முகம் வெளுத்து, பிறகு சிவந்தது.

"கட்டிப் போட்டனா? நான் கேட்டுட்டுதாங்க கட்டறேன்! தினமும் கேக்கறேன். 'அண்ணி, கையைக் கட்டட்டுமா'ன்னு. 'ஆமா'ன்னுதான் சொல்றாங்க!" ஏனக்காவின் பக்கம் திரும்பினாள். "டீ குடுத்து உக்கார வெச்சவளுக்கு நல்லா செஞ்சீங்க. ரெண்டு தடவை எழுந்து நடந்து விழுந்தாங்க. நெத்தியில தையல் போட்டப்ப எங்க போனீங்க எல்லாரும்? அவரு பாட்டுக்கு 'பத்திரமா பாத்துக்கோ'ன்னு சொல்லிட்டுக் கிளம்பிடுவாரு. நான் கடைக்குப் போவேனா, இங்கயே காவலுக்கு நிப்பேனா?"

"நீங்க தனியா ரொம்பத் தூக்கிச் சுமந்திருக்கீங்க. அதையும் பேசுவோம்" என்றார் அதிகாரி. "ஆனா கட்டறது இன்னிக்கோட நிக்கணும். அதுல பேச்சே இல்ல. இப்ப அவங்ககூடக் கொஞ்ச நேரம் தனியா இருக்கணும்."

அடுக்களைக் கதவு சாத்தப்பட்டது. ஏனக்கா கண்ணாடியை விரித்தாள். டிரைவரம்மா அவளைப் பார்க்கவில்லை. அதிகாரியை மட்டும் பார்த்தார். அதிகாரி ஒரு ஸ்டூலை இழுத்து அருகில் உட்கார்ந்து, மழை பெய்கிறதா என்பதில் தொடங்கி, கண்ணையும் விரலையும் தானே சரிபார்த்துக்கொண்டார். இங்கேயே இருக்க வேண்டுமா? விரல். வேறு இடம் ஒன்றைச் சும்மா பார்த்துவிட்டாவது வரலாமா? மூடிய கண். இதையே மாற்றி மாற்றி மூன்று விதமாகக் கேட்டார். பதில் மாறவில்லை.

பிறகு அவர் கேட்டது ஏனக்கா எதிர்பாராதது.

"எதுக்கும்மா எழுந்திருக்கிறீங்க? எங்க போகணும் உங்களுக்கு?"

இதற்கு விரலும் பதில் சொல்ல முடியாது, கண்ணும் முடியாது. அதிகாரி எழுந்து தன் முழங்கையை நீட்டினார். "காட்டுங்க. நான் கூட வர்றேன்."

டிரைவரம்மா அந்தக் கையைப் பற்றி எழுந்தார். குளியலறையைத் தாண்டினார். வாசல் கதவைத் திரும்பியும் பார்க்கவில்லை. காலை இழுத்து இழுத்து, படுக்கையறையின் மூலைக்குப் போனார். அங்கே தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே, திரை மூடிய ஒரு சின்ன ஜன்னல். தோளால் திரையை ஒதுக்கினார். கீழே தெருமுனை தெரிந்தது.

சற்று நேரம் ஒன்றும் நடக்கவில்லை. ஏனக்காவும் எட்டிப் பார்த்தாள். ஒரு சைக்கிள் போனது. பிறகு பள்ளிப் பேருந்து வந்து முனையில் திரும்பியது. டிரைவரம்மாவின் இடது கை தானாக எழுந்து காற்றில் ஒரு ஸ்டியரிங்கை வளைத்தது. கீழே புது டிரைவர் அந்த அளவுக்கு வளைக்கவில்லை. பின் சக்கரம் நடைபாதையில் ஏறி இறங்கி, பிள்ளைகளின் கூச்சல் மேலே வரை கேட்டது. டிரைவரம்மாவின் புருவம் உயர்ந்தது.

"பஸ்ஸா?" அடுக்களையிலிருந்து எப்போது வந்தாளோ, தம்பி மனைவி அறை வாசலில் நின்றிருந்தாள். "இதுக்காகவா அண்ணி நெத்தியை உடைச்சுக்கிட்டீங்க? அட கடவுளே, நான் வெளிய ஓடிப் போகப் பாக்கறீங்கன்னு நெனச்சனே!" அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆயிற்று.

ஏனக்கா கதவோரம் சாய்ந்து நின்றாள். "ஊர்ல இருக்கிற அத்தனை ஏனும் கேட்டேன். அந்தம்மா ஏன் எழுந்திருக்கிறாங்கன்னு நான் கேக்கல பாரு" என்று பின்னாளில் என்னிடம் சொல்லும்போது, அதிகாரியின் மேல் அவளுக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

மாலையில் வேலை முடிந்து வந்த தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வியில் நின்றார்: "கட்டாம விட்டு விழுந்தா?"

"விழலாம் சார்" என்றார் அதிகாரி. "சுவர்ல பிடி வைப்போம். மெஷினை நகர்த்திட்டு நாற்காலிய ஜன்னல்கிட்ட போடுவோம். மதியத்துக்கு ஒரு ஆள் வர ஏற்பாடு பண்றேன், உங்க வீட்டம்மாவுக்கும் மூச்சு விட நேரம் கிடைக்கும். இத்தனையும் பண்ணியும் விழலாம். எழுந்திருக்கிறதா வேண்டாமாங்கறது அக்கா முடிவு. நான் சொல்லாம கொள்ளாம வந்து பாப்பேன். மறுபடி கட்டியிருந்தா, இப்ப பேசற மாதிரி பேசமாட்டேன்."

தம்பி அக்காவைப் பார்த்தார். நேராகப் பார்த்தார், பிறகு, என்ன தோன்றியதோ, மேசைமேலிருந்த கண்ணாடியில் பார்த்தார். "இங்கயே இருக்கியாக்கா?" விரல் தட்டியது.

டிரைவரம்மாவின் வீடு தப்பியது. ஏனக்காவின் இடம்தான் போயிற்று. அடுத்த முறை அவள் கண்ணாடியை விரித்ததும் டிரைவரம்மா கண்களை மூடிக்கொண்டார். சீப்பை எங்கே பிடித்தாலும் மூடிய கண்தான். சொல்லாதே என்றவரை மீறிச் சொன்னதற்கு அது பதில். ஏனக்கா வாதாடவில்லை. "சரிக்கா" என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்கடுத்த முறையும் அப்படித்தான். ஒரு பக்கம் காதோரத்தில், மற்ற பக்கம் இடுப்பு வரை என்று முடி அப்படியே தொங்கியது. இடையில் டிரைவரம்மா ஒருமுறை விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டதும், மறுநாளே பிடியைப் பிடித்து எழுந்து நின்றதும் தம்பி மனைவி சொல்லித்தான் தெரியும்.

"இப்பல்லாம் எதைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கிறாங்க" என்று அவள் புலம்பினாள். "இந்தச் சட்டை வேண்டாம், இந்த டிவி வேண்டாம், இந்தத் தம்பி பொண்டாட்டி சத்தம் வேண்டாம். முன்னாடி தங்கமா இருந்தாங்க. நீங்க வந்து கெடுத்துட்டீங்க." சொல்லிக்கொண்டே நாத்தனாரின் முகத்தை எட்டிப் பார்த்துக்கொண்டாள், எது வேண்டாம் என்கிறார் என்று பார்க்க அவளும் பழகியிருந்தாள்.

அதன் பிறகு ஒரு மதியம் அந்த வீட்டிலிருந்தே கூப்பிட்டார்கள். நாற்காலி ஜன்னலோரம் இருந்தது. ஏனக்கா கண்ணாடியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள். கைகளை வெளியே எடுத்து வைத்தாள். கண்ணாடியில் பார்த்தாள்; கண்கள் திறந்திருந்தன. சீப்பைத் தூக்குவதற்குள் டிரைவரம்மாவின் இடது கை அதை அவளிடமிருந்து பிடுங்கியது. தன் கழுத்தோரம், காதுக்குச் சற்றுக் கீழே, அன்று தவறாக வெட்டிய கொத்து வளர்ந்து நின்ற அளவில், குறுக்கே வைத்தது.

"இவ்வளவுதானா? மிச்சமெல்லாம் போயிடும்க்கா."

"ஆமா."

பழக்கம் விடவில்லை. "வெட்ட வேண்டாமா?"

மூடிய கண். கூடவே, பேருந்துக்கு வைத்திருந்த அந்தப் புருவம்.

ஏனக்கா வெட்ட ஆரம்பித்தாள். பாதி வந்திருக்கும், துணிக்கு வெளியே இருந்த கை சட்டென்று உயர்ந்தது. கத்திரி நின்றது. தெருமுனையில் பேருந்தின் சத்தம். இருவரும் கீழே பார்த்தார்கள். இந்த முறை பின் சக்கரம் நடைபாதையைத் தொட்டும் தொடாமலும் திரும்பியது. டிரைவரம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு கையை இறக்கி, நாற்காலியை இரண்டு தட்டு தட்டினார்.